விழுந்த தேதி

குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்தால், காந்தி சிலையைத் தாண்டித் தூண்களோடு ஒரு கட்டிடம் கடலைப் பார்த்து நிற்கிறது. ஊரில் அதற்குப் பெயர் 'மேரி'. மாதாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேயர் இருக்கும் இடமான 'மெரி'தான் நம் வாயில் அப்படியாயிற்று. 'ஓத்தெல் தெ வீல்' என்றும் பிரெஞ்சில் சொல்வார்கள். அந்த ஓட்டலில் இட்லி கிடைக்காது.

1870-71இல் கட்டியது. 2014 நவம்பர் 29 அன்று, மழையில், இடிந்து விழுந்தது. பிறகு கடலோரப் பேரிடர் தணிப்புக்கென்று உலக வங்கி தந்த பணத்தில் அதே உருவில் எழுப்பி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இப்போது நிற்பது எது? பழைய மேரியா, அதன் வேஷமா?

வேஷம்தான் என்கிறார் நண்பர் ஒருவர். அவருக்குச் செங்கல் முக்கியம். பம்பாயின் வாட்சன் ஓட்டலைக் காட்டுகிறார். இங்கிலாந்தில் வார்த்த இரும்பைக் கப்பலேற்றி 1860களில் நிறுத்திய விக்டோரியா காலத்துக் கட்டிடம். 1896இல் லூமியேர் சகோதரர்களின் படம் ஓடியது அங்கேதான். அந்த இரும்பு அசல், சந்தேகமில்லை. ஆனால் அறைகளைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டு, 2005இல் ஒரு பகுதி சரிந்து, 2019இல் இடித்துவிடலாம் என்று ஐ.ஐ.டி. அறிக்கையே சொல்லும் நிலைக்கு வந்தது. பொருள் அசலாக இருந்தால் மட்டும் கட்டிடம் பிழைத்துவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் குப்பத்தில் கூரைக்கு வயது கிடையாது. ஓலை மக்கினால் மாற்றுவோம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்து போன பிறகு எத்தனையோ கூரைகள் புதிதாக ஏறின. அதே வீடு என்றுதான் சொன்னோம். யாரும் பொய் என்று சொல்லவில்லை. யாரும் அதைப் பாரம்பரியம் என்றும் சொல்லவில்லை, அது வேறு விஷயம். கோயில் திருப்பணியிலும் பாலாலயம் செய்து, சாமியை வெளியே வைத்து, ஊரறிய வேலை நடக்கிறது. மறைப்பு இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. புதிதாகக் கட்டியதில் குற்றமில்லை. நூற்றைம்பது வருஷத்துச் சுவர் என்று யாராவது வெளியூர்க்காரனிடம் கைகாட்டும்போது குற்றம் பிறக்கிறது. பழசு என்று சொன்னால் காசு வருகிற ஊரில் இந்த ஆசை சுலபம். விழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு: பல வருஷ அலட்சியம். மழை அதைக் கடைசியாக வந்து தொட்டது, அவ்வளவே. உருவம் அச்சாகத் திரும்பி வந்ததும் அந்த அலட்சியம் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. துக்கம் விசாரிக்கப் போனால் செத்தவரே வாசலில் உட்கார்ந்திருப்பதைப் போல.

பிறப்பையும் இறப்பையும் கல்யாணத்தையும் பதிவு செய்வது மெரியின் வேலை. தன் சாவை மட்டும் அது எழுதிக்கொள்ளாமல் இருப்பானேன்? முகப்பில் 1871 இருக்கட்டும், 2021ம் இருக்கட்டும். நடுவில் 2014 நவம்பர் 29 என்றும் ஒரு கல் வேண்டும், படிக்கிற உயரத்தில்.