முன்பின் தெரியாதவருக்குக் கட்டும் பணம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் யார் புது வண்டி எடுத்தாலும் முதல் ஓட்டம் பழவங்காடி கணபதி கோயிலுக்குத்தான். மாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சை, சன்னதியில் தேங்காய். தோவாளையிலிருந்து பூ ஏற்றி வர எங்கள் குடும்பம் வாங்கிய குட்டியானை வண்டிகள் எல்லாம் அந்த வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பார்வதிபுரம், தக்கலை, களியக்காவிளை என்று ஓட ஆரம்பித்தன. விக்கினம் வராமல் காப்பாற்று என்று கேட்கிறோம். கேட்பது நமக்காக: நம் வண்டி, நம் டிரைவர், வெயில் ஏறுமுன் கிழக்கே கோட்டை வந்து சேரவேண்டிய நம் பிச்சிப்பூ. எதிரே சைக்கிளில் வரப்போகிறவர் பேரில் அங்கே ஒருவர் தேங்காய் உடைத்து நான் பார்த்ததில்லை.

அவருக்காக நாம் செய்வது ஒன்று உண்டு, அதுவும் சட்டம் கட்டாயப்படுத்துவதால். இன்சூரன்ஸ் கட்டுகிறோம். 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டு 1946 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயம் அது. இன்று 1988 சட்டத்தின் 146-ஆம் பிரிவு. ஏழரை டன்னுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு 2022 ஜூன் முதல் அமலான மூன்றாம் நபர் பிரீமியம் 16,049 ரூபாய். மூன்று சக்கர சரக்கு ஆட்டோவுக்கு 4,492. சின்ன வியாபாரிக்கு இது சின்னப் பணமல்ல. என் வண்டி நொறுங்கினால் இதிலிருந்து ஒரு பைசா எனக்கு வராது என்பதால், பல பேர் மனக்கசப்போடுதான் கட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கசப்பு இல்லை. என் வருடக் கணக்கில் இதைவிடத் தூய்மையான தர்மம் வேறு இல்லை என்று நினைக்கிறேன். அன்னதானத்துக்குக் கொடுத்தால் ரசீதில் நம் பெயர் இருக்கும், பந்தியில் உட்கார்ந்தவரின் முகமும் தெரியும். இந்தப் பணம் யாருக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. பெறுகிறவர் நம்மை வாழ்த்தவும் மாட்டார்.

அப்படியானால், கட்டிவிட்டால் கடன் தீர்ந்ததா? நெய்யாற்றின்கரைக்கு இப்பால், விடியுமுன், எங்கள் வண்டியில் ஒரு பையன் வந்து மோதி மெடிக்கல் காலேஜில் இறந்துபோன பிறகு இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. சந்திலிருந்து விளக்கில்லாத பைக்கில் வந்தான். எங்கள் டிரைவர் பேரில் தவறில்லை என்றே போலீஸ் எழுதியது. “அண்ணாச்சி, நான் பிரேக்கில காலை வச்சேன், ஆனா அவன் வந்துட்டான்” என்பதைத் தவிர டிரைவர் பல நாள் வேறு எதுவும் பேசவில்லை.

நம் மரபில் இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. திருவாரூர் வீதியில் மனுநீதிச் சோழன் மகனின் தேரடியில் ஒரு கன்று பாய்ந்து விழுந்து செத்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் இளவரசனைக் கண்மூடி ஓட்டினவனாகக் காட்டவில்லை. கன்றுதான் யாரும் அறியாமல் இடையில் பாய்ந்தது. அமைச்சர்கள் சாஸ்திரத்தில் சொன்ன பிராயச்சித்தத்தைச் செய்துவிடலாம் என்றார்கள். அரசன் மறுத்தான். அந்தச் சடங்கு கன்றை இழந்த பசுவின் துயருக்கு மருந்தாகுமா என்பது அவன் கேள்வி. தேரின் மேல் நிற்கிறவனின் பாவம் எப்படிக் கழியும் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒருவன்தான் தாயின் பக்கம் நின்று பார்த்தான். அந்த இடம் எனக்குப் பெரிது. ஆனால் அதன் பிறகு அவன் கண்ட தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. மகனைத் தேரடியில் இட ஏவப்பட்ட அமைச்சர் தன் உயிரை விட்டார். அரசனே மகன் மேல் தேரைச் செலுத்தினான். பசுவின் துயர் அதனால் தணிந்திருக்குமா? இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் அமைச்சரையும் எழுப்பித் தந்ததால் அந்தக் கதை முடிந்தது. நெய்யாற்றின்கரையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

அரசனின் கேள்வியை வைத்துக்கொண்டு வேறு தீர்ப்புக்குப் போனவர் வி.ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1957-இல் இதே நகரத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட அமைச்சராக இருந்தவர். 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் முன் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று வந்தது. இரவில் போன பஸ் தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதி 26 பேர் பாதிக்கப்பட்டு, எட்டுப் பேர் அங்கேயே இறந்த விபத்து. கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையாகிவிட்டதால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று பஸ் கம்பெனி வாதாடியது. அவர் அதைத் தள்ளினார். தவறு யாருடையது என்று கேளாமலே இழப்பீடு கிடைக்கும்படி சட்டம் வரவேண்டும் என்றும் எழுதினார். 1982-இல் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தவர் குடும்பத்துக்கு அந்த வகையில் 15,000 ரூபாய் என்றானது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 164-ஆம் பிரிவின்படி அது ஐந்து லட்சம். தாயிடம் போய், உன் மகன் விளக்குப் போட்டானா என்று கேட்காத சட்டம். சோழன் கேட்டிருக்கவேண்டியது இதைத்தான் என்பேன்.

பணத்தின் பக்கம் இவ்வளவு. மீதியை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர், பீமாபள்ளிக்காரர். இன்சூரன்சில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் அது ஆகுமா ஆகாதா என்ற வழக்கு அவர்கள் மார்க்கத்தில் உண்டு. அதை அவர் நீட்டவில்லை. வேறொன்றைச் சொன்னார். தெரியாமல் ஓர் உயிரைப் போக்கினவனுக்குக் குர்ஆன் இரண்டு கடமை வைக்கிறது: இறந்தவர் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை ஒன்று; அடிமை ஒருவரை விடுவிப்பது, அதற்கு வழியில்லாதவன் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு பிடிப்பது மற்றொன்று. ஈட்டுத்தொகையை அவனுடைய உறவுக்கூட்டம் பங்கிட்டுக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நோன்பை யாரும் பங்கிட்டுக்கொள்ள முடியாது.

எனக்குத் தெளிவு வந்தது அங்கேதான். லட்சக்கணக்கான வண்டிக்காரர்கள் சேர்ந்து அந்தப் பையனின் வீட்டுக்குப் பணம் கொடுப்பது உறவுக்கூட்டத்தின் வேலையை முகம் தெரியாதவர்கள் செய்வது. அது நல்லது; தனியொரு பூ வியாபாரியால் ஆகாதது. ஆனால் அந்த வீட்டு வாசலுக்குப் போவது பிரீமியத்தில் சேராது. “போகாதீங்க, எதைச் சொன்னாலும் ஒப்புக்கொண்டதா ஆயிடும்” என்று வக்கீல் தடுத்தார். அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனியின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை உண்டு. துக்கம் கேட்கக் கூடாது என்று எந்த நிபந்தனையும் இல்லை. நாங்கள் போனோம். யார் தவறு என்ற பேச்சையே எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். மார்த்தாண்டத்துக்காரரான டிரைவர் அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வெட்டுக்காடு மாதா கோயிலுக்கு நடந்து போக ஆரம்பித்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அது அவருடைய நோன்பு.

இன்னொரு சங்கடம் எங்களுக்கு மட்டும் உரியது. தோவாளைப் பக்கத்துப் பெண்கள் அரளியும் துளசியும் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வண்டியில் வருவார்கள். 1994 திருத்தத்தின்படி, சரக்கோடு பயணம் செய்யும் சரக்கின் உடைமையாளருக்குப் பாலிசியில் இடம் உண்டு. கேபினில் உட்கார்ந்து வரவேண்டும், இருக்கைக் கணக்குக்கு மேல் போகக்கூடாது. ஆனால் பூவை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்புகிறபோது அவர் சும்மா ஏறிக்கொண்ட பயணி. சரக்கு வண்டியில் அப்படிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. காலையில் காப்புள்ள அதே பெண்ணுக்கு மத்தியானம் காப்பில்லை. ஓணத்துக்கு முந்தின பத்து நாளும், அத்தப்பூக்களத்துக்குக் கிரேந்தியும் வாடாமல்லியும் ராத்திரி பகலாக வரும்போது, எத்தனை பேர் இப்படித் திரும்புகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும். இந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஏழைக்கு இரங்கி ஏற்றிக்கொள்கிற இடத்தில் சட்டம் கையை விரிப்பதை மாற்ற வேண்டும், நாலு காசு கூடுதல் பிரீமியம் வாங்கியாவது.

அது மாறும்வரை திரும்புகிற வண்டியில் யாரையும் ஏற்றுவதில்லை என்று நிறுத்திவிட்டோம். பூவுக்குப் பணம் கொடுக்கும்போதே தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் காசும் சேர்த்துக் கொடுக்கிறோம். “வண்டி சும்மாதான போவுது அண்ணாச்சி, ஏறிக்கிட்டா என்ன?” என்று மூத்தவள் ஒருத்தி இன்னும் கோபித்துக்கொள்கிறாள். அவளை உட்கார வைத்து, வண்டி கவிழ்ந்தால் அவள் பேத்திக்கு யார் என்ன கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். காசை வாங்கிக்கொண்டு, அப்படியென்றால் காலையில் வரும்போது தனக்கு கேபினில்தான் இடம் வேண்டும் என்று கேட்டாள். கொடுத்திருக்கிறோம்.