நாபோத்தின் ஊர்ப் பெரியவர்கள்

ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் நின்று நம் மக்கள் பேசுவதைக் கேட்பது நமக்கு மகிழ்ச்சி தரும். மழை பொய்ப்பது, வெயில் ஆண்டுக்காண்டு ஏறுவது, மலைகளில் மரங்கள் வீழ்வது ஆகிய அனைத்தைப் பற்றியும் அவர்களுக்குத் தெளிவான கருத்துகள் உண்டு. எனினும் பேச்சின் முடிவில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் எஞ்சுகிறது: "நாம சொல்லி யாரு கேக்கப் போறா?" அடக்கமாக ஒலிக்கும் இச்சொல்லை நாமும் பல ஆண்டுகள் ஆமோதித்தே வந்தோம். அது உண்மையிலேயே அடக்கமா, அல்லது அடக்கத்தின் உடையணிந்த வேறொன்றா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

தென் மாவட்டங்களின் கண்மாய்களை அறிந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். எந்தக் கண்மாயும் தனித்து நிற்பதில்லை. மேலூர்க் கண்மாய் நிறைந்து, அதன் கலுங்கு வழியே வழிந்த நீர் அடுத்த ஊர்க் கண்மாயைச் சேரும். அது நிறைந்தபின் அதற்கடுத்த ஊருக்குச் செல்லும். தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகளிலும் கண்மாய்களிலும் பல இவ்வாறு சங்கிலியாகப் பிணைக்கப்பட்டவை. ஓரிடத்தில் வரத்துக்காலை ஒருவர் அடைத்தால், அவர் முகத்தையே காணாத வேறோர் ஊரின் வயல் காயும். மக்களே கூடித் தூர் வாரிய குடிமராமத்து என்னும் வழக்கம், இந்தப் பிணைப்பை அறிந்திருந்த முன்னோரின் அறநெறியாகும். நிலம் அவரவருக்கு உரியதாக இருக்கலாம்; நீரின் வழி எல்லாருக்கும் உரியது.

நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் சமூகக்கூடம் கட்ட முடிவாயிற்று. கோவிலை அடுத்திருந்த தம் பட்டா நிலத்தை அன்பர் ஒருவர் மனமுவந்து தந்தார். அதன் ஓரமாகச் சென்ற வரத்துக்கால், மழை குறைந்த சில ஆண்டுகளில் வறண்டு, சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. அதைத் தூர்த்துச் சுற்றுச்சுவர் எழுப்பினால் வண்டிகள் நிறுத்த இடம் கிடைக்கும் என்று பங்குப் பேரவை கருதியது. அக்கண்மாயில் நெடுங்காலம் நீர்பாய்ச்சியாக இருந்த முதியவர் ஒருவர் ஒரு மாலையில் எம்மிடம் வந்தார். "சாமி, தண்ணி இப்ப வரலேங்கிறதுக்காக அது வழிய மறந்துருச்சுன்னு நெனைக்காதீக" என்றார். "பார்க்கலாம் பெரியவரே" என்று சொல்லி அனுப்பினோம். பார்க்கவில்லை. நன்கொடையாளர் மனம் புண்படக்கூடாது, பேரவையின் ஒற்றுமை குலையக்கூடாது, கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு நாம் சொல்வதா என்றெல்லாம் எமக்கு நாமே காரணங்கள் கூறிக்கொண்டு கையொப்பமிட்டோம்.

மூன்றாம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் ஓர் இரவு நீர் வந்தது. சுவரில் மோதித் திரும்பிக் கிழக்குத் தெருவுக்குள் புகுந்தது. உயிரிழப்பு இல்லை; இறைவனுக்கு நன்றி. ஆனால் மண் சுவர்கள் கரைந்தன. குதிரில் இருந்த நெல்லும் பிள்ளைகளின் பாடநூல்களும் நனைந்து அழிந்தன. அக்குடும்பங்கள் அந்தச் சமூகக்கூடத்திலேயே பல நாள்கள் தங்கின. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த அதே மழையில், கீழே இருந்த கண்மாய் பாதிகூட நிறையவில்லை. அங்கே தங்கியவர்களில் எவரும் எம்மைக் குறை கூறவில்லை. அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய எம்மை அவர்கள் வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்துத்தான் இன்றளவும் எம்மைச் சுடுகிறது. கிழக்குத் தெருவிலிருந்து ஒருவர்கூடப் பேரவையில் உறுப்பினராக இருக்கவில்லை என்பதும் அப்போதுதான் எம் கண்ணுக்குப் பட்டது.

அந்நாள்களில் அரசர் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தைப் புதிய கண்களோடு படித்தோம். ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டான். எதற்காக? அரண்மனைக்கு அருகில் காய்கறித் தோட்டம் போடுவதற்காக. நல்ல விலையோ, மாற்று நிலமோ தருவதாகவும் சொன்னான். இக்கால மொழியில் சொன்னால், அது ஒரு நிலப் பயன்பாட்டு மாற்றக் கோரிக்கை! முன்னோரின் உரிமைச் சொத்தைத் தரமாட்டேன் என நாபோத்து மறுத்தான். அதன்பின் ஈசபேல் செய்த சூழ்ச்சியை நாம் அறிவோம். ஆனால் நாபோத்தைக் கொன்றவை ஈசபேலின் கைகள் அல்ல. அரச முத்திரையிட்ட மடல் அவ்வூர்ப் பெரியவர்களுக்கு வந்தது. அவர்கள் மடலில் கண்டவாறே சபையைக் கூட்டினர். பொய்ச் சாட்சிகளை அமர்த்தினர். ஊருக்கு வெளியே கொண்டுசென்று அவனைக் கல்லெறிந்து கொன்றனர். அவர்களுள் ஒருவர்கூட எதிர்த்துப் பேசியதாக விவிலியம் கூறவில்லை. "நாம் சொல்லி அரசி கேட்கப் போகிறாளா?" என்று அவர்களும் எண்ணியிருக்கலாம்.

திருச்சபையின் போதனை இங்கு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில் தனியுடைமை உரிமையை வலியுறுத்தினார். ஆயினும் மண்ணுலகின் நலன்கள் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவுபடுத்தியது. பொருளை ஈட்டவும் நிர்வகிக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்துவதில் பொதுவானதாகக் கருத வேண்டும் என்று புனித தோமா அக்குவினார் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே கற்பித்தார். நிலம் தமக்கே உரியது, மனிதர் அதில் தங்கிச் செல்லும் அந்நியரே என்று லேவியர் நூலில் ஆண்டவர் உரைக்கிறார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும் பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் பிரித்துக் கேட்க முடியாது என்றே உணர்த்துகிறது. கிழக்குத் தெருவில் அவ்விரு அழுகைகளையும் ஒரே இரவில் நாம் கேட்டோம்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வீடின்றி வாழும் ஏழைக்குப் புறம்போக்கன்றி வேறு புகலிடம் ஏது? நியாயமான கேள்வி. ஆனால் நீர்நிலைகளை விழுங்கியவை குடிசைகள் மட்டும்தானா? சென்னையின் தியாகராய நகர், 1920-களில் ஒரு நீண்ட ஏரியின் படுகையைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் பெருங்கட்டடங்களும் விழுங்கியபின், எஞ்சிய பகுதியே 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை பட்ட துயரை நாடறியும். ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் குடிசைகள் முதலில் அகற்றப்படுவதும், பெரிய கட்டடங்கள் நிலைத்து நிற்பதும் நீதியாகாது. ஏழைக்கு மாற்றிடம் கேட்பதும் நீருக்கு வழி கேட்பதும் ஒரே நீதியின் இரு கோரிக்கைகளாகும்.

சட்டம் நம் பக்கம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. இயற்கையைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்பது 1976-இல் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. குளங்கள் சமுதாயத்தின் பொதுச் செல்வம் என 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழகம் 2007-இல் தனிச்சட்டமே இயற்றியது. கிராம சபையில் எழுந்து பேச ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு. குறைவது சட்டமன்று, எழுந்து நிற்கும் மனிதர்.

எனவே கருத்து என்பதைப் பற்றி நாம் கற்றதைப் பகிர்ந்துகொள்கிறோம். தொலைவிலுள்ள காடு பற்றிக் கருத்துச் சொல்வது எளிது. அதற்கு நாம் எதையும் இழப்பதில்லை. நம் சுவர், நம் மனை, நம் நன்கொடையாளர், நம் கோவில் என வரும்போது சொல்லப்படும் கருத்துக்கே விலை உண்டு. மனை வாங்குமுன் கிராம வரைபடத்தில் ஓடை எங்கே செல்கிறது எனப் பார்ப்பதும், விலை மலிவாயிருப்பதன் காரணத்தைக் கேட்பதும், பங்குப் பேரவையில் கட்டடத் தீர்மானம் வரும்போது தண்ணீர் எப்பக்கம் போகும் என வினவுவதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். அந்த முதியவர் செய்ததும் அவ்வளவே. அவர் அறிவியல் படித்தவரல்லர், பதவி வகித்தவருமல்லர். தமக்குத் தெரிந்ததை, கேட்க வேண்டியவரிடம், உரிய நேரத்தில் சொன்னார். சாதாரணக் குடிமகனின் கருத்து மதிப்பற்றது என்போர்க்கு அவரைச் சான்றாகக் காட்டுகிறோம். அன்று மதிப்பற்றுப் போனது அவர் கருத்தன்று, அதைக் கேட்ட செவி.

பிற்பாடு சுவரின் ஒரு பகுதியை இடித்து, கால்வாயைத் தோண்டி, மேலே சிறு பாலம் அமைத்தோம். வண்டி நிறுத்துமிடம் பாதியாகக் குறைந்தது. பேரவைக்கும் கிழக்குத் தெருவிலிருந்து இருவர் வந்தனர். அவ்வேலை முடியுமுன் முதியவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டவில்லை. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அனைவரும் மார்பில் தட்டிப் பாவ அறிக்கை செய்கையில், செய்த பாவங்களோடு செய்யத் தவறிய கடமைகளையும் அறிக்கையிடுகிறோம். அவ்வரியை உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும், "பார்க்கலாம் பெரியவரே" என்று நாம் சொன்ன அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது.