பேரிடர்க் கல்வியும் கைத்தொண்டும்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26 ஆந் திகதி, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பூகம்பத்தினால் எழுந்த பேரலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இலங்கைக் கரையை அடைந்தது. இந்நாட்டில் 30,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நமது வடமராட்சி கிழக்கு ஊர்களும் அழிவெய்தின. இதனைப் போதிக்கும் ஆசிரியரை நோக்கி, "மாண்டவர் யாது பாவஞ் செய்தனர்?" என ஒரு மாணாக்கன் வினாவின், யாது விடை கூறுதல் தகும்?

"அவரவர் வினைப்பயன்" என்று கூறி அமைவாருஞ் சிலர் உளர். வினையுண்டு, பயனுண்டு என்பது நம் சமயத் துணிபே. ஆயினும் ஓருயிரின் வினையை அளந்தறிந்து பயனூட்டுபவர் சிவபெருமான் ஒருவரே, யாம் அல்லேம். வினைக்கொள்கை நம் துன்பத்தைப் பொறுத்தற்கும் நம் செயலைத் திருத்தற்கும் உரியது. பிறர் துன்பங் கண்டு கைகட்டியிருத்தற்கு உரியதன்று. அவ்விடையோடு நின்ற மாணாக்கன் சமயத்தைக் கல்லான், வன்னெஞ்சத்தையே கற்பான்.

வையை பெருகியபோது, கரையடைக்கும் வேலை மதுரையிற் குடிதோறும் பங்கிடப்பட்டதைத் திருவிளையாடலில் ஓதுகின்றோம். ஆளில்லா முதியவளாகிய வந்தியின் பங்குக்கு இறைவனே கூலியாளாய் வந்தார். அவர்மேல் விழுந்த பிரம்படி எல்லாவுயிர்மேலும் பட்டது. ஒருவர்மேல் விழும் இடர் அவர்க்கு மாத்திரம் உரியதன்றென்பதை இதனினுந் தெளிவாக உணர்த்துவது யாது?

நமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழையே குளங்களை நிரப்பி, சுண்ணக்கல் நிலத்தினூடு இறங்கிக் கிணறுகளை ஊட்டுகின்றது. குளந் தூர்ந்து வெள்ளவாய்க்கால் அடைபடின், உயிர்தரும் அம்மழையே இடராகும். 2008 ஆம் ஆண்டு நவெம்பரில் நிஷாப் புயலோடு வந்த பெருமழையில் யாழ்ப்பாணம் வெள்ளத்தில் ஆழ்ந்ததைக் கண்டோம்.

ஆதலால், ஆசிரியர்களே, மாரிக்கு முன்னரே மாணாக்கரை ஊருக்குள் அழைத்துச் செல்லுங்கள். வாய்க்காலைத் துப்புரவு செய்வோன் நீர் செல்லும் வழியைத் தானே அறிவான். தனித்து வாழும் முதியோரின் வீடுகளை அவர்கள் அறிந்து வைக்கட்டும். 1964 ஆம் ஆண்டுச் சூறாவளியைக் கண்டோரிடம் அதன் வரலாற்றைக் கேட்கட்டும். கடல் திடீரென உள்வாங்கின், வேடிக்கை பார்த்து நில்லாது கரையைவிட்டு அகலவேண்டுமென்பதைக் கடற்கரையிலேயே கற்பியுங்கள். பெருகிய வெள்ளத்திற் சிறுவரை இறக்குதல் தொண்டன்று. புகழ்ச்சிக்குச் செய்வதுந் தொண்டன்று. உழவாரம் ஏந்திய அப்பரடிகள் வழிவந்த நமக்கு இக்கைத்தொண்டு புதிதோ?

மாணாக்கன் மீண்டும் அவ்வினாவை வினாவின், "மாண்டவர் செய்ததை இறைவன் அறிவான், எஞ்சினோர்க்கு யாம் செய்யக் கடவது யாதென்பதே நம் வினா" என்று கூறி, அவனோடு மண்வெட்டியை எடுத்துச் செல்லுதலே ஆசிரியர்க்கு அழகாம்.