இல்லாத ஸ்டுடியோவுக்கு ஒரு டிக்கெட்

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 'ஓட்டுநருடன் நடத்துநர்' பணியிடங்களுக்கு ஆள் கேட்டன. சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பங்கு 364. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, கனரக வாகன உரிமம், நடத்துநர் உரிமம், குறைந்தது 160 செ.மீ. உயரம், 50 கிலோ எடை. ஸ்டியரிங்கும் பிடிக்க வேண்டும், விசிலும் ஊத வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி வருகிறவருக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் வேறொரு பரீட்சை இருக்கிறது. துர்காபாய் தேஷ்முக் சாலைப் பக்கம் வண்டி வரும்போது, "சத்யா ஸ்டுடியோ ஒண்ணு" என்று யாராவது காசை நீட்டுவார்கள். ஸ்டுடியோ போய்ப் பல காலம் ஆயிற்று. அங்கே இருப்பது எம்.ஜி.ஆர்.-ஜானகி மகளிர் கல்லூரி. இன்னொருவர் 'அடையாறு கேட்' கேட்பார். அந்தப் பெயரைச் சொன்னதும் எங்களுக்கு நினைவு வரும் நட்சத்திர ஓட்டலும் 2023 டிசம்பரில் மூடியாயிற்று. இருக்கிற ஊரைப் படித்துவிட்டு வருகிறவரிடம் இல்லாத ஊருக்கு டிக்கெட் கேட்கிறோம்.

ஒரு மாலை, அடையாறிலிருந்து திரும்பும் வண்டியில் புது நடத்துநர். பேச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் தெரிந்தது. ஒரு பெரியவர் சத்யா ஸ்டுடியோ கேட்க, இவர் விரல் டிக்கெட் மெஷினில் மேலும் கீழுமாக அலைந்தது. "இவங்களுக்கெல்லாம் யாருய்யா வேலை குடுக்கறது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல், அவர் காதில் விழவேண்டும் என்றே. முன் சீட்டு அம்மாள்தான் திரும்பினார். "காலேஜ் வாசல் தம்பி. நாங்க இன்னும் பழைய பேரையே சொல்லிக்கிட்டிருக்கோம், நீங்க என்ன பண்ணுவீங்க!" பழியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு வழியைச் சொல்லிவிட்டார். நடத்துநர் முகத்தில் வியர்வை அடங்க இரண்டு ஸ்டாப் ஆயிற்று.

புதிதாக வேலைக்கு வருகிறவரை வரவேற்பது என்றால் நமக்கு மேடை நினைவுக்கு வருகிறது. நியமன ஆணை, கைகுலுக்கல், ஒரு போட்டோ. அதுவும் வேண்டியதுதான், ஊரில் அம்மா அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டுவார். ஆனால் மறுநாள் காலை அவர் ஏறி நிற்பது முன்பின் தெரியாத அறுபது பேர் நடுவில். என் முதல் வேலையில், யார் கண்ணிலும் படாமல் கோப்புகளைப் புரட்டிக்கொண்டு ஒரு மாதம் ஒளிந்திருக்க முடிந்தது. தப்பெல்லாம் மேசை டிராயருக்குள்ளேயே கிடந்தன. நடத்துநருக்கு அப்படி ஒரு டிராயர் கிடையாது. சில்லறை குறைந்தால் கைக்காசு, எந்த ஸ்டாப்பிலும் செக்கிங் ஏறலாம். நம் வீட்டுப் பிள்ளை முதல் வேலையில் திணறினால் 'போகப் போகப் பழகிடும்' என்கிறோம். நடத்துநருக்கு மட்டும் முதல் டிரிப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

உள்ளே இருப்பவர்கள் மனம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பேருந்து வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கறுப்பர்களையும் ஆசியர்களையும் பேருந்தில் வேலைக்கு வைக்க மாட்டோம் என்றது கம்பெனி. அதைவிட உறுத்துவது, அங்கிருந்த தொழிற்சங்கக் கிளையும் அதற்குத் துணைபோனது. உரிமைக்குப் போராட வேண்டிய சங்கமே கதவைச் சாத்தியது. 1963 ஏப்ரல் இறுதியில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி இறங்கி வந்தது. செப்டம்பரில் அந்த ஊரின் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராக வண்டியேறியவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். அந்த முதல் நாளில் பணிமனையில் அவருக்கு யார் தேநீர் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். நம் பக்கத்திலும் 1993-ல்தான் ஒரு பெண்ணால், கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரியால், அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்தது.

1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்கச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் 'நம்ம ஆளு' என்று பணிமனை ஏற்றுக்கொள்வது வேறு கணக்கு. எந்த ஸ்டாப்பில் கூட்டம் மொத்தமாக இறங்கும், எந்த நேரத்துக்கு எவ்வளவு சில்லறை கையில் வேண்டும், படிக்கட்டில் தொங்கும் மாணவர்களை எந்தக் குரலில் கூப்பிட்டால் உள்ளே வருவார்கள்: இதையெல்லாம் கூட வரும் டிரைவர் அண்ணன்தான் சிக்னலில் நிற்கும்போது சொல்லித்தருவார்.

அந்த ஏற்பாடும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பேருந்துகளில் ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், நடத்துநர் கழகத்தின் ஆள். ஒரே வண்டி, இரண்டு முதலாளி. சத்தமின்மை எனக்குப் பிடித்திருக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் டிரைவரும் புதுசு, கண்டக்டரும் புதுசு என்று ஒரு வண்டி வந்து நின்றால், சத்யா ஸ்டுடியோ எங்கே என்று சொல்ல மிச்சம் இருப்பது பயணிகள்தான். அதில் பாதிப் பேர் காதில் ஹெட்போன்.