முற்றமே முதல் அறை

வன்னியில் ஒரு குடும்பம் வீட்டுச் சுவருக்கு நிறம் பூசுகிறது என்றால் அதை நான் சின்ன விஷயமாக எடுப்பதில்லை. 2008 இன் கடைசி மாதங்களில் போருக்குத் தப்பிக் கிளிநொச்சியை விட்டுக் கிழக்குப் பக்கமாகப் போனவர்கள் வீட்டையே கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓடு, தகரம், கதவு, யன்னல் எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கினார்கள். கதவு நிலையை இடித்தெடுத்தவர்களும் உண்டு. விசுவமடுவில் இறக்கி, உடையார்கட்டில் இறக்கி, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டு, மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் போய்ச் சேர்ந்தபோது பலருக்கு ஒரு தறப்பாள்தான் மிஞ்சியிருந்தது. கழற்ற முடியாமல் விட்டுவிட்டுப் போனவை கிணறும், சுவரில் பூசிய நிறமும், முற்றத்தில் நட்ட மரங்களும். ஆகவே இந்த மண்ணில் சுவருக்கு நிறம் பூசுகிறவரும் மரம் நடுகிறவரும் இனி ஓடுவதில்லை என்று மனத்துக்குள் முடிவெடுத்தவர்கள்.

அந்த முடிவு எளிதில் வருவதில்லை. எங்கள் பக்கத்துச் சனம் 1996 இல் ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டு எழும்பியது. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு நம்பிக்கையோடு கூரை போட்டது. ஆறு, ஏழு வருடத்தில் அந்தக் கூரையைத்தான் கழற்றி ஏற்றினோம். 2010 இல் எங்கள் ஊரான வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்து, பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடும் கட்டினோம். அதற்குப் பிறகும் அம்மா நெடுங்காலம் சுவருக்கு ஒன்றும் பூச விடவில்லை. "என்னத்துக்கு பெயின்ற்? விட்டிட்டு ஓடவோ?" என்பார். அது கஞ்சத்தனமில்லை. சீமெந்துப் பூச்சோடு சாம்பல் நிறத்தில் நின்ற சுவர் அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. அழகில்லாத வீட்டை இழப்பது லேசு என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனால் அதே அம்மா, ஊர் திரும்புவதற்கு முன் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது கூடார வாசலை ஒரு நாளும் கூட்டாமல் விட்டதில்லை. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கம்பி வேலிக்குள் அடைபட்டிருந்த இடம் அது. தண்ணீருக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை. அப்படியிருந்தும் முகம் கழுவிய தண்ணீரை மிச்சம் பிடித்து வாசல் மண்ணில் தெளித்து, கையால் தட்டிச் சமமாக்கி, அந்தக் கையகல இடத்தை முற்றமாக்கிவிட்டார். சில கூடாரங்களின் முன்னால் பால்மாப் பேணியில் நித்தியகல்யாணி பூத்தது. எங்கிருந்து கன்று எடுத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. சோற்றுக்கே பிறர் கையை எதிர்பார்த்திருந்த சனம் பூங்கன்று வைத்ததைக் கண்ணால் பார்த்த எனக்கு, வீட்டை அழகாக்குவதை ஆடம்பரம் என்று யாரும் சொன்னால் ஏற்க முடிவதில்லை. உயிர் தப்பியவர்கள் உடனே செய்த வேலைகளில் அதுவும் ஒன்று.

இப்போது நிலைமை வேறு. தைப்பொங்கலுக்கு முன்னால் கிளிநொச்சி நகரத்து ஹாட்வெயார் கடைகளில் நிறப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற பெண்களைக் காண்கிறேன். பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்து வந்து, இந்த நிறம்தான் வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, யாருக்காகச் செய்வது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எங்கள் ஊர்களில் இன்று நிற்கிற வீடுகளில் பல இந்திய வீட்டுத்திட்டத்தில் எழுந்தவை. வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகள். அதன் பெரிய கட்டம் 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கியது. புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பாக இருந்தது. 550 சதுர அடி: இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அந்தக் காசு போதவில்லை என்பது ஊருக்கே தெரியும். தாலிக்கொடியை அடகு வைத்துக் கூரை போட்டவர்கள் உண்டு. அப்படியும் அந்தத் திட்டத்தில் ஒரு நல்லது இருந்தது. அத்திவாரம் வெட்டும்போது வீட்டுக்காரி பக்கத்தில் நின்று, "குசினி வாசல் கிணத்தடிப் பக்கம் இருக்கட்டும்" என்று மேசனுக்குச் சொல்ல முடிந்தது.

2016 இல் வேறொரு திட்டம் வந்தது. 65,000 உருக்கு வீடுகள். வெளிநாட்டு நிறுவனமொன்று கொண்டுவந்து பொருத்திக் கொடுக்கும், ஒன்றுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபாய் என்றார்கள். பொருத்து வீடு என்று பத்திரிகைகள் எழுதின. கல்வீடு இரண்டைக் கட்டக்கூடிய காசு அது என்ற கணக்கு ஒருபுறம் இருக்க, சனம் கேட்ட கேள்விகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. அடுப்பை எங்கே வைப்பது? நாளைக்குப் பிள்ளை கலியாணம் முடித்தால் ஒரு பத்தி இறக்க முடியுமா? பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே இருக்கலாமா? பழுதானால் ஊர் மேசனும் தச்சனும் திருத்துவார்களா? எதிர்ப்பினால் அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. காசில்லாத சனம் இலவசமாகக் கிடைக்க இருந்த வீட்டைப் பார்த்து இப்படிக் கேட்டதை நான் மதிக்கிறேன். பிறகு மாற்ற முடியாத வீடு தங்களுடையதாக ஆகாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வீட்டுத்திட்ட வீடுகளை இப்போது போய்ப் பாருங்கள். ஒரே வரைபடத்தில் தொடங்கியவை ஒன்றைப்போல் ஒன்று இல்லை. முன்னால் ஒரு பத்தி, பின்னால் ஓலைக் குசினி, பக்கத்தில் சைக்கிளும் நெல்மூடையும் வைக்க ஒரு தகரக் கொட்டில். உள்ளே காஸ் அடுப்பு இருந்தாலும் வெளியே விறகடுப்பு எரியும். மத்தியானம் மூன்று மணிக்குச் சீற் போட்ட கூரையின்கீழ் யாரும் இருப்பதில்லை. எல்லோரும் மாமரத்தடியில்தான். புழுங்கிய நெல் காய்வது முற்றத்தில், பிள்ளை பிறந்தநாள் முற்றத்தில், செத்தவீட்டுக்குப் பந்தல் போடுவது முற்றத்தில், காணிப் பிணக்குப் பேசித் தீர்ப்பதும் அங்கேதான். வன்னி வீட்டின் முதல் அறை முற்றம். கூரை இல்லாத அறை. ஆனால் வீடு திருத்தக் காசு சேர்ந்தவுடன் நாங்கள் ஹோலுக்கு மாபிள் பதிக்கிறோம், சுவரோடு நிற்கும் கண்ணாடி அலுமாரி செய்விக்கிறோம். முற்றம் கடைசியாக வருகிறது. வரும்போதும் சீமெந்துக் கல்லாக வருகிறது.

கல் பதித்த முற்றத்தில் நான் இருந்து பார்த்திருக்கிறேன். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது பொழுதுபட்ட பிறகும் விடாது. மாரி மழை நிலத்துக்குள் இறங்காமல் ஒழுங்கைக்கு ஓடும். ஓடுகிற தண்ணீர் எங்கள் கிணற்றுக்கு வரவேண்டிய தண்ணீர். மணல் முற்றமோ கூட்டித் தண்ணீர் தெளித்தால் கால் மணி நேரத்தில் குளிரும். முன்பு மண்வீடுகளில் சுவரைச் சுற்றிக் குந்து வைத்து, புற்றுமண்ணும் சாணமும் சேர்த்து மெழுகி வைத்திருந்தார்கள். வழிப்போக்கன் இருக்கவும், கிழவி வெற்றிலை இடிக்கவும் அந்தக் குந்து போதும். கல்வீடு கட்டியபோது குந்தை மறந்துவிட்டோம். இன்று இரண்டு வரிக் கல் அடுக்கிச் சீமெந்து பூசினால் அதை மறுபடி கொண்டுவந்துவிடலாம்.

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948 இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்தை வாங்கி, 2003 இல் இறக்கும்வரை அதை மாற்றிக்கொண்டே இருந்தார். லுணுகங்கை என்ற அந்த இடத்துக்கு உலகம் முழுவதிலும் இருந்து கட்டடக் கலைஞர்கள் வந்து பார்க்கிறார்கள். மரநிழலையும் வெட்டவெளியையும் அறைகளாக நினைத்து அமைத்ததுதான் அவர் செய்தது. வன்னிக் கிழவிகளுக்கு அது புதிதில்லை. அவருக்குக் கிடைத்தது ஐம்பத்தைந்து வருடம் ஒரே நிலத்தில் இருக்கும் பேறு. எங்களுக்கு மீள்குடியேறி இன்னும் இருபது வருடம் ஆகவில்லை. சில ஊர்களுக்கு அதுவும் இல்லை. கேப்பாப்புலவில் பிலவுக்குடியிருப்புச் சனம் 2017 ஜனவரி கடைசியில் படையினர் வசமிருந்த தங்கள் காணிக்கு முன்னால் தெருவோரம் குந்தி, இரவும் பகலும் ஒரு மாதம் இருந்துதான் மார்ச் மாதம் அதற்குள் காலடி வைத்தார்கள். அப்படிக் கிடைத்த முற்றத்தை யாராவது கடைசி வேலையாக வைப்பார்களா?

மேற்குச் சுவரில்தான் பின்னேர வெயில் விழுகிறது. அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி ஒரு வேம்பு நின்றால் உள்ளறையின் வெக்கை இறங்கிவிடும். எந்தப் பெயின்றும் அந்த வேலையைச் செய்யாது. பெயின்ற் என்று வரும்போது அடிச்சுவரை முதலில் பார்க்கவேண்டும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் தாழ்ந்த இடத்து வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அத்தகைய வீடுகளின் அடிச்சுவர் இன்னும் மாரிக்கு மாரி ஈரம் உறிஞ்சி உவர் பூக்கிறது. அதன்மேல் பளபளப்பான பெயின்றை ஏற்றினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பென்றால் ஈரம் அதனூடாக வெளியே போய்விடும். ஒவ்வொரு தைக்கும் திருப்பிப் பூசவேண்டும்தான். ஆனால் வீடு முழுக்க ஒரு நாளில் வெள்ளையாகிவிடும், பிள்ளைகளும் தூரிகை பிடிக்கலாம்.

அழகைப் பற்றிப் பேசும்போது காலிழந்தவர்களை மறந்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்களில் சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள், செயற்கைக்கால் போட்டவர்கள் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் ஒழுங்கைக்கு ஒருவராவது உண்டு. வீட்டுத்திட்ட வீட்டின் வாசல் இரண்டு படி உயரம். அந்த இரண்டு படியால் வருடக்கணக்காக ஹோலுக்குள் இருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை, கிணற்றடிக்கு ஒரு சீமெந்து நடைபாதை, கழிப்பறைச் சுவரில் பிடிக்க ஒரு குழாய். மாபிளுக்கு முன்னால் செய்யவேண்டியவை இவை. ஒரு வீட்டில் சரிவு கட்டி முடித்த அன்று அந்த அண்ணர் தானே நாற்காலியை உருட்டிப் போய்ச் செவ்வரத்தை மரத்தடியில் நிறுத்தினார். அந்த வீட்டில் அதைவிட அழகான மாற்றம் ஒன்றை யாரும் செய்திருக்க முடியாது.

இன்னொன்று இருக்கிறது. பெயின்ற் அடிக்கும்போது ஹோல் சுவரில் இருக்கிற படங்களைக் கழற்றவேண்டி வரும். இறந்தவர்களின் படத்துக்கு மாலை இருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்துக்கு மாலை போடமாட்டார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோவில் முன்னால் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் மடியில் வைத்திருந்தவை இந்தப் படங்கள்தான். சில தாய்மார் அந்தப் படத்தைக் கழற்ற விடுவதில்லை. மகன் படித்த அறையில் மேசையை நகர்த்த விடுவதில்லை. வீட்டின் மிச்சமெல்லாம் புதுநிறம், அந்த ஓர் அறை பழையபடி. வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரர், "அம்மா, இனி இதையும் மாத்துங்கோவன்" என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையை எப்போது மாற்றுவது என்பது அந்தத் தாய் ஒருத்தியே எடுக்கவேண்டிய முடிவு. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் பதில் சொல்லாத நாட்டில், மாற்றாமல் வைத்திருக்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. பெயின்ற் அடிக்கிற தம்பிமார் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள். படத்தைச் சுற்றிக் கடுதாசி ஒட்டிவிட்டுப் பூசுவார்கள்.

யாருக்காகத் திருத்துகிறோம் என்ற கேள்வியும் இங்கே கனமானது. கலியாணம், சாமத்தியவீடு, கனடாவில் இருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது என்று வீட்டைத் திருத்துவதில் பிழையில்லை. விருந்தாளிக்கு நல்ல இடம் கொடுப்பது எங்கள் பழக்கம். ஆனால் கடன் எடுத்துச் செய்யும்போது, விருந்தாளி போன பிறகு வாராவாரம் வாசலில் வந்து நிற்பது கடன்காரன். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டிய அளவுக்குக் கடன் சுமை முற்றியிருந்தது. பிறகு 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து மூடையின் விலை முந்திய வருடத்தோடு பார்க்க இரண்டு மடங்கைத் தாண்டிப் போய், பாதியில் நின்ற சுவர்கள் எத்தனையோ. பூவரசங் கதியாலுக்கும் கிளிசிறியாத் தடிக்கும் கடன் தேவையில்லை. பக்கத்து வளவில் கேட்டால் வெட்டித் தருவார்கள்.

கதியால் என்று சொன்னதும் அக்காவோடு எனக்கு நடக்கிற வாக்குவாதம் ஞாபகம் வருகிறது. அவருக்கு ரோட்டுப் பக்கம் மதில் வேண்டும். "வேலி வருசா வருசம் அடைக்க ஆர் இருக்கினம்? அத்தானுக்கும் ஏலாது. மாடு பூந்து போன மாரி வச்ச வாழையெல்லாம் போச்சு" என்கிறார். அவர் சொல்வது சரி. வேலி அடைக்கிற கைகள் எங்கள் ஊரில் குறைந்துவிட்டன. பலர் போரில் போனார்கள், மிச்சப் பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். தனித்திருக்கிற பெண்களுக்கு மதில் தருகிற தைரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: மதில் ரோட்டுப் பக்கத்தோடு நிற்கட்டும். மற்ற மூன்று பக்கமும் முட்கம்பி இழுத்து, அதோடு கிளுவையும் பூவரசும் நடுவோம். இலை ஆட்டுக்கு ஆகும், காற்றும் வரும், பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டு மாமி கறிக்கிண்ணமும் நீட்டலாம். மிஞ்சுகிற காசில் முன்னால் ஒரு பத்தி இறக்கி, அம்மா இருக்கக் குந்தும் கட்டுவோம். அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் கதியால் வெட்டவேண்டும் என்பதால் இந்தக் கிழமை திரும்பவும் போய்ப் பேச இருக்கிறேன்.