சோறிட்ட கை

என் தங்கை மகன் சென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். மரமும் புதரும் மண்டிய பெரிய வளாகம், உள்ளே புள்ளிமான்கள் உலவுகின்றன என்று மட்டும் சொன்னால் போதும். விடுதியில் சேர்ந்த முதல் வாரம் அவன் தாய்க்குத் தொலைபேசியில் சொன்ன செய்தி பாடத்தைப் பற்றியதும் அல்ல, சாப்பாட்டைப் பற்றியதும் அல்ல. "அம்மா, வகுப்புக்குப் போகிற வழியில் மான் நிற்கிறது" என்பதுதான். என் தங்கை நம்பவில்லை. பையன் பட்டணம் போனதும் கதை அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

கதை அளக்கிறவன் நான். அவன் கண்டதை எழுதுகிறவன். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் தினமும் நாலு வரி எழுதும் பழக்கம் அவனுக்கு உண்டு. போன பொங்கல் விடுமுறையில் அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். பிறர் நாட்குறிப்பைப் படிப்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள ஆசையை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

"காலை 6.10. ஆலமரத்தில் குரங்குகள். தின்றதைவிட உதிர்த்தது அதிகம். கீழே ஏழு மான்கள் உதிர்ந்ததை மேய்கின்றன. தான் அன்னதானம் செய்வது குரங்குக்குத் தெரியுமா?"

"பரீட்சை. விடைத்தாளைப் பார்த்ததைவிட ஜன்னலைப் பார்த்தது அதிகம். கீரி ஒன்று இரண்டு குட்டிகளோடு சாலையைக் கடந்தது. மேற்பார்வையாளரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்."

"பெரிய ஆண் மானுக்குக் கொம்பு விழுந்துவிட்டது. நேற்று வரை ராஜா. இன்று கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறது. திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு வந்த என் அறை நண்பனின் முகமும் இப்படித்தான் இருந்தது."

புள்ளிமானின் கொம்பு ஆண்டுக்கு ஒரு முறை விழுந்து முளைக்கும், வெளிமானின் கொம்பு விழாது, முறுக்கிக்கொண்டு ஆயுள் முழுதும் நிற்கும் என்பதெல்லாம் அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். இரண்டையும் ஒரே பெயரால் மான் என்று எழுதி இத்தனை ஆண்டு காலம் தள்ளியவன் நான்.

அந்த நோட்டில் மானுக்கு அடுத்தபடி அதிகமாக வருகிற பெயர் மணி. மணி ஒரு நாய். ஐப்பசி மழையில் சைக்கிள் கொட்டகைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியை இவன்தான் துண்டில் சுற்றி எடுத்து வந்திருக்கிறான். பழுப்பு நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. மெஸ்ஸில் மீந்த தயிர் சாதத்தில் தொடங்கி, சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பு என்று விடுதியே ஊட்டி வளர்த்தது. மணி வந்த பிறகு இன்னும் இரண்டு நாய்கள் வந்து ஒட்டிக்கொண்டன. வீட்டை விட்டு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, மாலையில் வாலாட்டி எதிர்கொள்ள ஓர் உயிர் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும். வீட்டு ஞாபகத்தில் இரவெல்லாம் அழுத ஒரு பையனின் கட்டிலடியில் மணி படுத்திருந்ததாக ஒரு நாள் எழுதியிருக்கிறான்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கிறது.

"காலை 5.50. விளையாட்டுத் திடலுக்குப் பின்புறம். மூன்று நாய்களும் ஒரு குட்டியைப் பிடித்திருந்தன. பிறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். தாய் மான் தூரத்தில் நின்று காலை உதைத்துக் கத்தியது. நான் கல்லை எடுத்து எறிந்தேன். மற்ற இரண்டும் ஓடிவிட்டன. மணி மட்டும் ஓடாமல் என்னிடம் வாலாட்டிக்கொண்டு வந்தது. வாயெல்லாம் ரத்தம்."

அதற்குப் பிறகு பதினோரு நாட்களுக்கு நோட்டில் ஒன்றுமே இல்லை.

நோட்டை மூடியதும் அவன் கேட்டான்: "மாமா, நான் மணிக்குச் சோறு போட்டது புண்ணியமா, பாவமா?"

பெரியவர்கள் இத்தகைய கேள்விகளுக்கு வழக்கமாகச் சொல்லும் பதிலை நானும் சொன்னேன். "நாயின் இயற்கை அது. புலி இருந்தால் புலி தின்றிருக்கும். அதற்கு நீ என்ன செய்வாய்?" என்றேன்.

பையன் விடவில்லை. அவன் விளக்கிய பிறகுதான் என் பதிலில் இருந்த ஓட்டை எனக்கே தெரிந்தது. புலி மானைத் தின்று வாழ்கிறது. மான் குறைந்தால் புலியும் குறையும். பசியே அங்கே ஒரு கணக்குப் பிள்ளை. மணிக்கோ மெஸ்ஸில் மூன்று வேளைச் சோறு இருக்கிறது. மான் குறைந்தாலும் அது குறையாது. காட்டில் நின்று வேட்டையாடிக்கொண்டு ஊர்ச் சோற்றில் உயிர் வாழும் ஒரு பிராணியை இயற்கை உண்டாக்கவில்லை. விடுதிதான் உண்டாக்கியது. குட்டி ஈன்ற புள்ளிமான் முதல் சில நாட்கள் குட்டியைப் புதருக்குள் ஒளித்துவிட்டுச் சற்றுத் தள்ளியே மேயுமாம். அசையாமல் கிடப்பதுதான் குட்டிக்கு உள்ள ஒரே பாதுகாப்பு. எப்போதோ ஒரு முறை அந்தப் பக்கம் வரும் பகையிடமிருந்து அது காப்பாற்றும். வயிறு நிறைந்து, வேறு வேலையில்லாமல், ஒவ்வொரு புதரையும் தினமும் மோந்து திரிகிற மூக்கிடமிருந்து எப்படிக் காப்பாற்றும்?

மானிடமும் நம்முடைய அன்பு இதே வேலையைத்தான் செய்கிறது. ரொட்டித் துண்டைப் பாலிதீன் பையோடு போட்டால், மான் பையையும் சேர்த்து விழுங்குகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் போய்ச் சேர்ந்த பை வெளியே வருவதில்லை. அங்கேயே திரண்டு உருண்டையாகித் தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாவதை எந்தப் புராணத்தின் நரகத்திலும் நான் படித்ததில்லை.

சென்னைக்கு நடுவே மான் வந்தது எப்படி என்று சிலர் வியக்கிறார்கள். காட்டின் நடுவே சென்னை வந்தது எப்படி என்று கேட்பதுதான் முறை. கிண்டிக் காட்டில் களாவும் காரையும் சூரையும் படர்ந்து கிடந்தன. அந்தக் காட்டிலிருந்து காந்தி மண்டபத்துக்கு இடம் எடுத்தோம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு எடுத்தோம். பிறகு வேறு நினைவிடங்களுக்கும் எடுத்தோம். எல்லாம் நல்ல காரியங்களுக்குத்தான். மீதியை 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது அது மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தது. அதற்கு அப்பால் ஓட மானுக்கு வேறு காடு கிடையாது. நாய்க்கு ஊர் முழுவதும் இருக்கிறது.

உயிர்களிடம் இரக்கம் காட்ட நம் நாட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்றுக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவர் நின்றார். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அந்த முயற்சியின் பலனாக 1960-இல் சட்டம் பிறந்தது. 1962-இல் ஏற்பட்ட விலங்கு நல வாரியத்துக்கும் அவரே தலைவரானார். இன்னொன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். முதலாவது, கண்ணெதிரே துடிக்கிற ஓர் உயிரைப் பார்க்கிறது. இரண்டாவது, கண்ணில் படாத ஓர் இனத்தையும் அது வாழ வேண்டிய இடத்தையும் பார்க்கிறது. இரண்டும் கருணைதான். ஆனால் விளையாட்டுத் திடலுக்குப் பின்புறம் அந்தக் காலை வேளையில் இரண்டும் எதிரெதிரே வந்து நின்றன. தெருநாயைக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2001-இல் விதி வகுத்தார்கள். வதைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த விதி. பிடித்த இடம் மான் குட்டி ஒளிந்திருக்கிற புதராக இருந்தால்? கருத்தடை செய்த நாய்க்குக் குட்டி பிறக்காது. பல் விழுந்துவிடாது.

சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். புறா அடைக்கலம் புகுந்தது, அரசன் தன் தசையை அறுத்துத் தராசில் வைத்தான் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவில் பருந்து பேசிய பேச்சை விட்டுவிடுகிறோம். "அதைக் காப்பாற்றி என்னைப் பட்டினி போடுகிறாயே, நானும் உன் குடிதானே?" என்று அது கேட்டது. சிபியின் பெருமை, புறாவுக்காக இரங்கியதில் மட்டும் இல்லை. புறாவைப் பார்த்தால் யாரும் இரங்குவார்கள். பருந்தின் வழக்கும் நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, தன் இரக்கத்துக்கு உரிய விலையைத் தன் உடம்பிலிருந்தே கொடுத்தானே, அதில் இருக்கிறது. நாங்கள் வைத்த தராசில் நாங்கள் யாரும் ஏறவில்லை. மணியின் மீது எங்களுக்கு இருந்த அன்புக்கு மான்குட்டி தன் தசையைக் கொடுத்தது. 'எங்களுக்கு' என்று எழுதுகிறேன். விடுதிக்குப் போயிருந்தபோது நானும் ஒரு பிஸ்கட் போட்டிருக்கிறேன்.

1926-இல் இதே போன்ற ஒரு வழக்கு காந்தியடிகளிடம் வந்தது. அகமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி, ஆலைப் பக்கம் திரிந்த ஏறக்குறைய அறுபது நாய்களைக் கொல்லச் செய்துவிட்டு, மனம் கேட்காமல் அவரிடம் போய்ச் சொன்னார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்றார் காந்தி. அகிம்சையின் அவதாரமே இப்படிச் சொல்லலாமா என்று கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் 'யங் இந்தியா'வில் பல வாரங்கள் விடாமல் பதில் எழுதினார். அந்த அறுபது நாய்களின் விஷயத்தில் அவர் சொன்ன தீர்ப்பை இன்றைக்கும் என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. ஆனால் அதோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொன்று இருக்கிறது. சொந்தமாக வைத்துக் காக்கும் பொறுப்பை ஏற்காமல், தெருவில் திரிகிற நாய்க்கு மீந்ததை எறிந்துவிட்டுப் போவது கருணையே அல்ல என்றார் அவர். போடுகிறவனுக்கு மனம் குளிர்கிறது. நாய் தெருவிலேயே கிடக்கிறது. அது யாரைக் கடித்தாலும் கேட்க ஆளில்லை.

இதையெல்லாம் நான் பையனுக்கு நாலு பக்கக் கடிதமாக எழுதினேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்காதீர்கள். தொலைபேசியில் உபதேசம் செய்தால் பாதியில் 'சரி மாமா' என்று வைத்துவிடுகிறார்கள். கடிதம் நன்றாகவே வந்திருந்தது. சிபியின் பகுதியை இரண்டு முறை திருத்தினேன்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"கடிதம் வந்தது மாமா. புரிந்தது. யாராவது ஒருவர் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"விடுதியில் கட்டி வைக்க விடமாட்டார்கள். மணியை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா?"

என் வீடு மாடியில் இருக்கிறது. கீழே குடியிருப்பவருக்கு நாய் என்றால் ஒவ்வாது. என் மனைவிக்கு மூட்டுவலி. எழுதும்போது சத்தம் இருந்தால் எனக்கு எழுத்து ஓடாது. இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "பரவாயில்லை மாமா" என்றான். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வேன் ஒன்றில் ஓட்டுநரைக் கெஞ்சி, மணியை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டான். என் தங்கைக்கு இரண்டு அறை வீடு. இரண்டு கறவை மாடு வேறு. அன்றிரவு அவள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, உன் மருமகன் மான் வரும் மான் வரும் என்றான், நாயைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். முதல் நாளே கோழியைத் துரத்துகிறது. கட்டித்தான் போட்டிருக்கிறேன். இராத்திரி எல்லாம் அழுகிறது. என்ன செய்ய, கிடக்கட்டும்" என்றாள்.

காந்தியைப் பற்றியோ சிபியைப் பற்றியோ அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் மறுபடியும் எழுத ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் பார்த்தேன். கொம்பு விழுந்த ஆண் மானுக்குப் புதுக் கொம்பு வெல்வெட் போர்த்திக்கொண்டு முளைக்கிறதாம். மெஸ்ஸில் மீந்ததைத் திறந்த இடத்தில் கொட்டக் கூடாது என்று பையன்கள் சேர்ந்து விடுதிக் காப்பாளரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் பார்க்கலாம் என்றிருக்கிறார். மற்ற இரண்டு நாய்களும் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அவன் என்னிடம் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.