விலகிப் போவதும் எதிர்ப்பா?

ஆள வருபவரை எதிர்த்து நிற்காமல் இடத்தை விட்டு அகன்றுவிடுவது எதிர்ப்பாகுமா, வெறும் அச்சமா? இந்த அறவியல் கேள்விக்குப் பழனி மலைத்தொடரின் பழங்குடியினரான பளியரின் வாழ்க்கை நல்ல உரைகல்.

கொங்குச் சமவெளிக்கும் மதுரைச் சீமைக்கும் கேரள எல்லைக்கும் நடுவே கிடப்பது இம்மலை. கீழிருந்து ஏறிவந்து பயிர்செய்த குன்னுவர், 1845இல் கொடைக்கானலில் பங்களா கட்டிய அமெரிக்க மதுரை மிஷனார், காப்பித் தோட்டக்காரர், வனத்துறையினர் என வந்தவர்கள் பலர். பளியர் பெரும்பாலும் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. கிழங்கும் தேனும் கிடைக்கும் காட்டுக்குள் இன்னும் தள்ளிப் போனார்கள்.

1960களில் பளியரிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், இதற்கு அடியில் ஒரு நெறி இருப்பதைக் கண்டார். ஒருவர் மற்றவரை ஏவுவதும், போட்டியிடுவதும், தாழ்த்துவதும் அவர்களிடையே தவறு. குழந்தைக்கும் உரிய மதிப்பு உண்டு. சண்டை முற்றும்போது கணவனோ மனைவியோ எழுந்து போய்விடுவார். வெளியாரிடமும் அதே வழக்கம்தான். வலிய அண்டைச் சமூகங்களின் நெருக்கடியும் இவ்வழக்கத்தை வளர்த்தது என்றார் கார்ட்னர். நெருக்கடியில் பிறந்தது என்பதால் ஒரு நெறி நெறியல்லாமல் போய்விடாது.

தென்கிழக்காசிய மலைவாழ் மக்கள் அரசின் பிடிக்குத் தப்பவே மலையேறினர் என 2009இல் அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் ஸ்காட் எழுதினார். பளியரை அதற்குள் முழுதாக அடக்க முடியாது. அவர்கள் தோட்டக் கூலிக்கும் வருவார்கள், அங்கே சமவெளிக்காரரின் நடைமுறைப்படி நடந்துகொள்வார்கள், மறுபடி காட்டுக்குத் திரும்புவார்கள்.

மாம்பழம் கிடைக்காத கோபத்தில் கயிலையை விட்டு வந்தவர்தான் பழனியாண்டவர். அந்த விலகலுக்குக் கோயில் எழுந்தது. துறவியின் விலகலை உலகம் வணங்குகிறது. கோபமும் இல்லாமல் அகலும் பளியருக்கு மட்டும் ‘கூச்ச சுபாவம்’ என்ற பெயர். காந்தியின் சத்தியாகிரகத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. சத்தியாகிரகி எதிராளியின் மனத்தை மாற்ற முன்னே நிற்கிறார். பளியர் யாரையும் மாற்ற முனைவதில்லை.

இந்த அறத்துக்கு விலகிப் போக இடம் வேண்டும். 1882இன் சென்னை வனச் சட்டம் அதைச் சுருக்கியது. 2013இல் மலையின் ஒரு பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமானது. 2006இன் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தேன், கிழங்கு உள்ளிட்ட சிறு வனப்பொருட்கள் மீது உரிமை தருகிறது. நிலத்துக்கோ, 2005 டிசம்பர் 13க்கு முன்பே அது தம் அனுபவத்தில் இருந்ததைச் சான்றுகளோடு கிராம சபையில் கோர வேண்டும். நகர்ந்துகொண்டே வாழ்ந்தவர்கள் ஓரிடத்தில் நிலைத்திருந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.